புளிக்காத ரத்தம்

சேசு மரி சூசை

திரேஸ்புரம், தூத்துக்குடி
6-1-1974

பாசமுள்ள தங்கச்சி பிளாரன்சுக்கு,

அண்ணன் விக்டர் எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். உன் மதினி பேபி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "வயிறு முன்னால போகுது, முடி பின்னால போகுது, அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். மற்றபடி சுகம்.

கிறிஸ்துமஸ் மக்ரூன் டின் வந்து சேர்ந்திருக்கும். நொறுங்கியிருந்தால் அது ரயிலின் குற்றம். நுரையில்லாமல் சப்பையாக இருந்தால் அது உன் வருங்கால மருமகளின் குற்றம். அந்தக் கதையைக் கேள். குசினியில் பேபி முந்திரி இடிக்க, பிலோமி முட்டை வெள்ளையை அடிக்க உட்கார்ந்தாள். நுரை பாதிகூட எழும்பவில்லை, "அம்மா" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், வலது கை விரலெல்லாம் மடங்கி, அடிக்கிற கம்பியைப் பிடித்த பிடி விட மாட்டேனென்கிறது. முழங்கைக்குக் கீழே தொட்டால் கல்.

"ஏளா, வேலைன்னா ஒனக்குக் கை மடங்கிரும். திங்கச் சொன்னா மட்டும் நல்லா விரியும்" என்று பேபி ஏசினாள். நானும் என் பங்குக்கு, "இவளைக் கிரேனாகப் போட்டால் தூக்கின மூட்டையை இறக்க மாட்டாள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ராத்திரிக்குள் கை தளர்ந்துவிட்டது. மறுநாள் அவளுக்கு ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில் இருந்ததாம். வைத்தியர் உடம்புச் சூடு என்றார். இளநீர் கொடுத்தோம்.

பூசைக்குப் போகும்போதும் ஒரு கூத்து. வீட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே, சைக்கிள் கடை வாசலில் நின்றுவிடுவாள். செருப்பு வாரைச் சரிசெய்கிறாளாம். அப்புறம் நடந்தால் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு கோயிலுக்குள் இருப்பாள். சைக்கிள் கடையில் என்ன இருக்கிறது என்று தெருவில் ஆராய்ச்சி நடக்கிறது. கடைக்காரருக்கு வயது அறுபது, பல்லும் இல்லை. அதனால் எனக்குக் கவலையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிலோமிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றே, "இவ என் செபாஸ்டினுக்கு" என்று நீ சொன்னாய். உன் ஒரே மகன் இப்போது அம்பத்தூரில் பம்பு கம்பெனியில் ஃபோர்மேன். என் பெண்ணுக்கு இருபத்தொன்று முடிந்தது. அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுக்க மேற்றிராணியாரின் உத்தரவு வேண்டும், அதற்குப் பிஷப் இல்லத்துக்கு மனுப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்று பங்குச் சாமியார் சொல்கிறார். போடட்டுமா? நீ "சரி" என்று ஒரு கார்டில் எழுதினால் போதும். உன் சிக்கனம் எனக்குத் தெரியும்.

உன் அருமை அண்ணன்,
விக்டர்


சென்னை
14-1-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

மக்ரூன் கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

கீழே கேட்பதற்குச் சிரிக்காமல் பதில் எழுதுங்கள். கை மடங்குவது பிலோமிக்கு இதுதான் முதல் தடவையா? சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்து அழுவாளே, அப்போது கால் வலித்ததா? சைக்கிள் கடை வாசலில் நின்ற பிறகு வலி போய்விடுகிறதா, இல்லை வலியோடு நடக்கிறாளா? காப்பி நிறம் எத்தனை தடவை?

இதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்க்கிறவள் நான். சூட்டினால் வருகிற நிறமல்ல அது. தசை நைந்து போனால் அப்படி வரும். எங்கள் டாக்டரிடம் சொன்னேன், பார்க்க வேண்டும் என்கிறார். மதினியோடு அவளை அனுப்பி வையுங்கள். அதுவரை முட்டை அடிக்க வேண்டாம், குடம் தூக்க வேண்டாம்.

மனுவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தங்கை,
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

திரேஸ்புரம்
2-2-1974

ஆஸ்பத்திரிக்கே அதிபதியான தங்கச்சிக்கு,

சிரிக்காமல் பதில் எழுதச் சொன்னாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் தடவை இல்லை. ஓட்டப் பந்தயத்தில் கால் வலித்ததாம், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லவில்லையாம். நின்றால் வலி போய்விடுகிறதாம், அப்புறம் எவ்வளவு தூரமும் நடப்பாளாம். காப்பி நிறம் மூன்று நாலு தடவை. அம்மாவிடம் சொன்னால் கஷாயம் வரும் என்று மறைத்திருக்கிறாள். எதையும் மறைக்கத் தெரியாத எனக்கு இப்படி ஒரு மகள்.

பேபியும் அவளும் அடுத்த மாதம் வருகிறார்கள். தெருவில் "மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மைதானே?

நீ அப்புறம் பேசலாம் என்றது எப்புறம் என்று தெரியாததால், மனுவைக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. புதுத் துறைமுகம் திறக்கப் போகிறார்கள், எங்கள் டாலி கிளார்க் வேலையெல்லாம் அங்கே மாறப் போகிறது. அதற்குள் வீட்டுக் காரியத்தை முடித்துவிட்டால் நிம்மதியாக மூட்டை எண்ணலாம்.

அண்ணன்,
விக்டர்


சென்னை
20-3-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியும் பிலோமியும் நாளை ரயில் ஏறுகிறார்கள். அவர்கள் வருவதற்குள் இந்தக் கடிதம் வராது. மதினி பாதி சொல்வார்கள், மீதியை அழுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

தசை வேலை செய்ய வேண்டுமானால் அதன் செல்கள் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்க வேண்டும். முதல் உடைப்புக்கு மூச்சுக் காற்றுத் தேவையில்லை. ஒரு சர்க்கரை இரண்டு துண்டாகும், கொஞ்சம் சக்தி கிடைக்கும். காற்று வந்து சேர்ந்தால் அந்தத் துண்டுகள் செல்லுக்குள் இருக்கிற நுண்ணிய அடுப்புகளில் முழுக்க எரிந்து பல மடங்கு சக்தி தரும். காற்றுப் பற்றாவிட்டால் துண்டுகள் புளித்துப் போய், லாக்டிக் அமிலமாக ரத்தத்துக்கு வரும். எல்லாருக்கும் வரும். மாடிப்படி ஓடி ஏறினால் உங்களுக்கும் வரும்.

பிலோமியின் மேல்கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னோம். கை மடங்க ஆரம்பித்ததும் டாக்டர் பட்டையை அவிழ்த்துவிட்டார். ரத்தத்தை நானே எடுத்தேன், நானே அளந்தேன். புளித்திருக்க வேண்டும். புளிக்கவில்லை. எதையோ மாற்றி ஊற்றிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன். ஒப்பிடுவதற்கு என் கையிலும் பட்டை கட்டிக்கொண்டேன். என் ரத்தம் புளித்தது. அவள் ரத்தம் அப்படியே இருந்தது.

தசை, சர்க்கரையைக் கோத்துக் கோத்துச் சேர்த்து வைத்திருக்கும். அவசரத்துக்கு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஒரு என்சைம் உண்டு. அது அவள் தசையில் பிறவியிலேயே இல்லை. தொடையிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கிலும் அதுதான் தெரிந்தது. நின்று நிதானித்தால் ரத்தம் வேறிடத்திலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் கொண்டு வந்து சேர்க்கிறது. அப்புறம்தான் அவளால் நடக்க முடிகிறது. அவள் சோம்பேறி இல்லை, அண்ணா. ஒரு நாளும் இல்லை. இதற்கு மருந்து கிடையாது. வேலையை மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும். மீறி இழுத்தால் நைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. எழுதாமல் இருக்க முடியவில்லை. சங்கு குளிக்கப் போய்ச் செத்த நம் தம்பி சிலுவையை நினைத்துப் பார்த்தீர்களா? கையை மடக்கிச் சங்கைப் பிடித்தபடியே கிடந்தான். செத்தும் சங்கை விடாத பேராசைக்காரன் என்று ஊர் பேசியது. அப்பா அந்தப் பேச்சோடுதான் செத்தார். கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவனுக்கு அந்த முதல் உடைப்பு ஒன்றுதான் கதி. அது அவனுக்கு இல்லாமல் இருந்திருந்தால்? செத்தவனுக்குச் சோதனை கிடையாது. நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவனும் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்பான், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். விவரமாக எழுதுகிறேன்.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

திரேஸ்புரம்
2-4-1974

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை புரியவில்லை, இரண்டாம் தடவை புரிந்தது, மூன்றாம் தடவை என் பாஷையில் மாற்றிக்கொண்டேன். சரியா என்று பார். நம் பெண்ணின் உடம்பில் கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்கிற ஆளை ஆண்டவர் வேலைக்கு வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும், வெளியே நங்கூரம் போட்டிருக்கிற கப்பலிலிருந்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வர வேண்டியிருக்கிறது. வள்ளம் வந்து சேரும் வரை கரையில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருபத்தைந்து வருஷமாக நான் பார்க்கிற வேலை இது. என் மகள் நின்றபோது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

பேபி இப்போது அவளை ஒரு செம்பு கூடத் தூக்க விடுவதில்லை. பிலோமி கத்துகிறாள். "எம்மா, நான் கண்ணாடிப் பாத்திரமா? கொஞ்சம் நின்னு நின்னு செஞ்சா எல்லாம் செய்வேம்மா." பேபி அவள் பின்னாலேயே போய், "நில்லுளா, நில்லுளா" என்கிறாள். வீட்டில் ஒரே டிராபிக் போலீஸ்.

சிலுவையைப் பற்றி எழுதியிருந்ததைப் பேபிக்கு வாசித்துக் காட்டவில்லை. கல்லறைக்குப் போனேன். என்னை உனக்குத் தெரியும், அங்கேயும் நாலு பேரிடம் நாலு கதை பேசிவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நல்ல செய்தி சொல்லி முடிக்கிறேன். மேற்றிராணியாரின் உத்தரவு வந்துவிட்டது! பங்குச் சாமியார் கூப்பிட்டுக் காட்டினார். திரும்பி வரும் வழியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டும்? நோய் இன்னதென்று நீயே கண்டுபிடித்தாய், எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் உனக்கே தெரியும். இவளுக்கு உன் வீட்டைவிடப் பத்திரமான வீடு எது?

விக்டர்


சென்னை
12-4-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அது உண்மை. ஆனாலும் இந்தக் கல்யாணம் வேண்டாம்.

இந்த நோய் வர, அப்பா பக்கத்திலிருந்து ஒரு குறை, அம்மா பக்கத்திலிருந்து அதே குறை, இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது, ஆள் கல்லாக இருப்பான். நம் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நீங்களும் மதினியும் அப்படியே. ஒரே குறையை நாம் வீட்டுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். என் ரத்தம் புளித்ததால் நான் தப்பித்தேன் என்று அர்த்தமில்லை. என்னிடமும் ஒரு பங்கு இருக்கலாம், செபாஸ்டினிடமும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கு எங்களிடம் சோதனை இல்லை. அப்படி இருந்து, அவனுக்கும் பிலோமிக்கும் பிள்ளைகள் பிறந்தால், பாதிப் பேர் சைக்கிள் கடை வாசலில் நிற்பார்கள்.

வெளியே கொடுத்தால் அநேகமாக இந்தப் பயம் இல்லை. பிள்ளை பெறுவதற்கும் தடையில்லை என்கிறார் டாக்டர். வெளியே பாருங்கள். நானும் பார்க்கிறேன். எது சொன்னாலும் அவளிடம் நானே சொல்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் லேசாகிவிடும். அதனால் எழுதவில்லை.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
25-4-1974

பிளாரன்சுக்கு,

"வெளியே பாருங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எந்த வெளியே? அத்தை வேண்டாமென்ற பெண்ணை யார் கேட்பார்கள்? காரணம் சொல்லாவிட்டால், பெண்ணுக்கு நடத்தை சரியில்லை என்பார்கள். காரணம் சொன்னால், நோய்க்காரி என்பார்கள். இரண்டில் எது நல்லது என்று உன் டாக்டரைக் கேட்டு எழுது.

எனக்கு ஒரு சந்தேகம். என் மகள் கையில் பட்டையைக் கட்டியபோதே உன் மனதில் இது இருந்ததா? அவளுக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டாயா, இல்லை உன் மகனுக்குப் பெண்ணைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டாயா? மெட்ராஸில் மாடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களாம்.

பேபி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெத்தம் புளிக்கலைன்னாவளே, அவுக மனசு நல்லாப் புளிச்சிருக்கு." சிரிக்கலாம் நீ. எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் வாழ்நாளில் அது பெரிய செய்தி.

விக்டர்


திரேஸ்புரம்
30-6-1974

பிளாரன்சுக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் போடவில்லை. போட வேண்டிய அவசியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

பிலோமிக்கு மணப்பாட்டில் இடம் பார்த்தாயிற்று. பையன் கஸ்பார், கொழும்புக்குப் போகிற தோணியில் சுக்கான் பிடிக்கிறான். நல்ல பையன், என் கதைகளுக்குச் சிரிக்கிறான். நான்கு ஆண் பிள்ளைகள் உள்ள வீடு. ஜூலை பதினான்காம் தேதி தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள்.

நோயைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கல்யாணம் ஆகி, அவர்கள் அவளைப் பார்த்து, பழகி, பிரியம் வைத்த பிறகு மெதுவாகத் தெரிந்துகொள்ளட்டும். உனக்குத் தெரிந்தது உன் ஆஸ்பத்திரிக்குள் இருக்கட்டும். அத்தை முறைக்கு வந்து நின்றுவிட்டுப் போ. அவ்வளவுதான் நான் கேட்பது.

விக்டர்


சென்னை
6-7-1974

அண்ணா,

மணப்பாட்டில் நல்ல தண்ணீருக்குக் கிணற்றில் இறைக்க வேண்டும். எனக்குத் தெரியும், நம் சின்னம்மா வீடு அங்கேதானே. நான்கு ஆண் பிள்ளைகளுக்குச் சமைத்து, துவைத்து, தண்ணீர் இறைக்கிற மருமகள் நடுவில் நின்றால் என்ன சொல்வார்கள்? மதினி சொன்னதைத்தான் சொல்வார்கள். பிலோமி ரோசக்காரி. பேச்சு வாங்குவதைவிடக் கயிற்றை இழுத்துவிடலாம் என்று இழுப்பாள். மூத்திரம் கறுத்தால் மாமியாரிடம் காட்டுவாளா? பெற்ற தாயிடமே காட்டவில்லையே. அங்கேயிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

பிரியம் வைத்த பிறகு தெரியட்டும் என்கிறீர்கள். அதற்குள் அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

ஓலை வாசிக்கும்போது, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்கிறார். இது அந்தத் தடையில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஓலைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால், மணப்பாட்டுக்கு நான் எழுதுவேன்.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
28-7-1974

பிளாரன்சுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய நாள். சாமியார் மற்றவர்கள் பெயரையெல்லாம் வாசித்தார், நம் பெண்ணின் பெயரைத் தாண்டிப் போய்விட்டார். கோயில் முழுக்க ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தது. பேபி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பையனின் அம்மா மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பையன் கொழும்புலயே கொஞ்ச நாள் இருக்கப் போறான், இப்பம் கல்யாணம் வேண்டாங்கான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிவிட்டாய். சொன்னபடியே செய்துவிட்டாய்.

உன் மகனுக்கும் வேண்டாம், ஊரான் மகனுக்கும் கூடாது. நல்லது. இன்றிலிருந்து எனக்குத் தங்கச்சி இல்லை. இதற்குப் பதில் எழுதித் தபால் செலவு செய்யாதே.

விக்டர் மச்சாது


சென்னை
3-8-1974

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் மணப்பாட்டுக்கு எழுதவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. இரண்டு ஓலை முடிந்த பிறகும், நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். நீங்கள் என்னை ஒதுக்கிவிடுவீர்கள் என்ற பயம். அவள் உயிரைப் பற்றி உங்களிடம் அவ்வளவு பேசிவிட்டு, எனக்கு ஒரு அண்ணன் வேண்டும் என்று சும்மா இருந்தேன். நீங்கள் என்னை ஏசலாம், ஆனால் ஏசுகிற காரணம் வேறு.

சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. நம் வீட்டில் பயப்படாத ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளைக் கேளுங்கள். கேட்கும்போது சத்தம் போடாதீர்கள்.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

திரேஸ்புரம்
18-8-1974

தங்கச்சிக்கு,

கேட்டேன். சத்தம் போடத்தான் செய்தேன். பிலோமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"ஆமாப்பா, நான்தான் சொன்னேன். கொடியேத்தம் பாத்துட்டு நானும் மணப்பாட்டு அம்மாவும் நடந்து வாரோம். வழியில நான் நின்னேன். 'என்னளா நின்னுட்ட'ன்னாவ. பொய் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அவுக எம் முதுகத் தடவி விட்டுக்கிட்டே கேட்டாவப்பா. பொய் வரல."

"என்ன சொன்னாங்க?"

"அழுதாவ. 'எங்க வீட்டுக் கெணறு ஒன்னக் கொன்னுரும் மக்கா'ன்னாவ. தெருவுல யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல ஆணை வச்சாவ."

அந்த அம்மா ஆணையைக் காப்பாற்றினார்கள். அதுதான் வினையாகிவிட்டது. காரணம் தெரியாத தெரு சும்மா இருக்குமா? நானும் அந்தத் தெருவில்தானே வாயை வளர்த்தேன். புதுத் துறைமுகத்துக்கு எதிரே டீக்கடையில் எல்லாரும் இருக்கிறோம். கூட வேலை பார்க்கிற ஜெயசிங் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, மணப்பாட்டுக்காரன் ஓடிட்டானாமே. பிள்ள கோயிலுக்குப் போற வழியில யாருக்காவ நின்னுச்சாம்?"

சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக நான் அந்தச் சிரிப்புக்கு வெளியே நின்றேன். நாம் எப்படிச் சிரிக்கிறோம் என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பெஞ்சில் ஏறி நிற்கவில்லை, என் எடைக்கு அது தாங்காது. இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சர்க்கரை உடைவது, உடையாதது, பட்டை, பந்து எல்லாம். அவள் யாருக்காகவும் நிற்கவில்லை, தன் தசைக்காக நிற்கிறாள் என்றேன். சிலுவையைப் பற்றியும் சொன்னேன். ஜெயசிங் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாம கேட்டுட்டேன் அண்ணாச்சி" என்றான். இன்னொருவன், "ஒட்டுமா?" என்று கேட்டான். ஒட்டாது என்றேன். இருந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

இப்போது திரேஸ்புரம் முழுக்கத் தெரியும். இனி யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற கோபத்தில் பேபி என்னிடம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், தட்டு கொஞ்சம் சத்தமாக விழுகிறது. பிலோமி பூசைக்குப் போகிறாள். வழியில் நிற்கிறாள், இப்போது செருப்பைக் குனிந்து பார்ப்பதில்லை. சிலர் கூட நிற்கிறார்கள். சிலர் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது. உன்னை அநியாயமாகச் சொன்ன வெட்கம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.

மேற்றிராணியார் கொடுத்த உத்தரவைச் சாமியாரிடம் நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஞானஸ்நானத்தன்று நீ சொன்ன சொல்லிலிருந்தும் உன்னை விடுவிக்கிறேன். செபாஸ்டினுக்கு வெளியே பெண் பார். தாய்மாமன் முறைக்கு வந்து நிற்பேன்.

இதுவரை எழுதிவிட்டுப் பிலோமியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய கடிதத்தை அவளிடம் வாசித்தது இதுதான் முதல் தடவை. முழுக்கக் கேட்டாள். "சரியாத்தான் எழுதியிருக்கியப்பா, அனுப்புங்க" என்றாள். எழுந்து போனவள், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அத்தை வேண்டாம்னாவ. நீங்க கோவப்பட்டிய. இப்பம் விட்டுக் குடுக்கிய. செபாஸ்டின் அத்தான்ட்ட இத யாராவது கேட்டியளா?"

நான் கேட்கவில்லை. நீ கேட்டாயா?

விக்டர்